பார்சலுக்குப் பொருந்தாது

அந்த வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு என் கைபேசி அடித்தது. வெளிநாட்டு எண். எடுத்ததும், "தம்பி, பொண்ணோட அப்பா பேசுறேன்" என்றது குரல். "நெட் கடையில உக்காந்திருக்கேன். கல்யாணப் பத்திரிகையில இருக்கிற மாதிரியே தட்டினேன். வெள்ளையா வருது. நடுவுல இங்கிலீஷ்ல ரெண்டு வரி. கல்யாணத்தக் காணோம்."

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே, பாக்குறேன்."

என் கடைக் கணினியிலும் அதே வெள்ளைப் பக்கம்தான் வந்தது. எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு வரை. ஆங்கில எழுத்துகள் தெரியும். கூட்டிப் பார்த்தால் சில சொற்கள் பிடிபடும். அந்த இரண்டு வரியில் ஒரு சொல் பிடிபட்டது. சஸ்பெண்ட். லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்டவர்களைச் செய்வதாகச் செய்தித்தாளில் பார்த்த சொல். என் பக்கத்தை எதற்குச் செய்தார்கள் என்று தெரியவில்லை.

"சாயங்காலம் நாலு மணிக்கு எங்களுக்கு பஸ்ஸு, தம்பி. உங்க டைமுக்கு அஞ்சரை. அதுல ஏறி ஹார்பருக்குப் போயிட்டா, அப்பறம் கடலுக்குள்ளதான். மூணு மாசத்துக்கு நெட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"தெரியும்ணே. அதுக்குள்ள சரி பண்ணிடுறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கே தெரியாது.

இது நடந்தது இரண்டாயிரத்து ஒன்பதில். சிதம்பரத்தில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தேன். பேசியவர் குமராட்சிப் பக்கத்துக்காரர். வளைகுடாவில், கடலுக்குள் நிற்கும் எண்ணெய் மேடை ஒன்றில் வெல்டர். மகள் கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தார். மாற்று ஆள் வராததால் கடைசி வாரத்தில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை சிதம்பரத்தில் முகூர்த்தம் நடந்தது. அவர் நிற்க வேண்டிய இடத்தில் அவருடைய அண்ணன் நின்று பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தார்.

சிடி போட்டுக் கூரியரில் அனுப்பினால் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் அவர் கடலுக்குப் போய்விடுவார். அதனால்தான் இணையத்தில் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்த வேலையை முந்தைய வருடமே தொடங்கியிருந்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில், லால்பேட்டைக்காரர் ஒருவர் இணையத்தில் இடம் வாடகைக்கு விடும் ஏஜென்சி நடத்திவந்தார். அவருடைய நோட்டீசில் இரண்டே வரிகள் பெரிய எழுத்தில் இருந்தன. இடம் அன்லிமிடெட். பேண்ட்விட்த் அன்லிமிடெட்.

இரண்டாவது வரிக்கு அவரே பொருள் சொன்னார். "நீங்க போட்டு வெச்சிருக்கிறத ஒருத்தர் பாக்குறாருன்னு வைங்கண்ணே. இங்கேருந்து அவுரு வூட்டுக்கு சரக்கு போவுது இல்ல, அதான் பேண்ட்விட்த். மத்த கம்பெனியில மாசத்துக்கு இவ்ளோதான் போவணும்னு கணக்கு வெச்சிருப்பாங்க. நம்மகிட்ட கணக்கே கிடையாது."

ஒப்பந்தம் நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்க வாய் வரவில்லை. கேட்டால் இவன் படிக்காதவன் என்று தெரிந்துவிடுமே என்ற கூச்சம். படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வருடம் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு கல்யாணத்தைப் போட்டால் ஐந்து பேர், ஆறு பேர் பார்ப்பார்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தனியாக ஒரு கடவுச்சொல் கொடுப்பேன். அதைத் தட்டினால்தான் படம் திறக்கும். பெண் வீட்டுப் படங்கள் ஊரெல்லாம் போகக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

இந்தக் கல்யாணத்தில்தான் தவறு நடந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பு பெண்ணின் தாய்மாமன் கடைக்கு வந்தார். ஊரில் பாதிப் பேரை மச்சான் என்று கூப்பிடுகிறவர். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"அந்த நெட் அட்ரஸ எங்க அக்கா வூட்டுக்காரருக்கு மட்டுமா குடுக்கப்போற, மச்சான்?"

"ஆமா மாமா. அவுருக்காகத்தானே போடுறோம்."

"நல்லா இருக்கு போ. சிங்கப்பூர்ல எங்க சின்னம்மா மவன் இருக்கான். குவைத்துல நம்மூரு பசங்க ஒரு ரூம்பே இருக்கானுங்க. ஒருத்தனுக்குச் சொல்லி ஒருத்தனுக்குச் சொல்லலன்னா நாளைக்கு நம்ம வூட்டு சாவுக்குக்கூட எட்டிப் பாக்க மாட்டானுங்க. பத்திரிகையிலயே போட்டுடு."

"அத தொறக்க ஒரு பாஸ்வேர்டு இருக்கு மாமா. அது தெரிஞ்சாதான்..."

"அதையும் போடு. பூட்டக் குடுத்துட்டு சாவியக் குடுக்கலன்னா அது அழைப்பா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் பத்திரிகை என்பது செய்தி அல்ல, மரியாதை. ஒரு வீடு விடுபட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு நிற்கும். ஆனாலும் அவருக்கே ஒரு சந்தேகம் வந்து, "இத்தினி பேரு பாத்தா தாங்குமா?" என்று கேட்டார். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். வழக்கமாக நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்காத எனக்கு அன்று என்னவோ பெருமை.

"எத்தினி பேரு பாத்தாலும் தாங்கும் மாமா. அன்லிமிடெட்" என்றேன்.

மேளதாளம், சாப்பாட்டு நேரம் போட்ட வரிகளுக்குக் கீழே இணைய முகவரியும் கடவுச்சொல்லும் கொட்டை எழுத்தில் அச்சாயின. மாமா நானூறு பத்திரிகை அடித்தார். போதாதென்று அதைப் படமெடுத்து வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் மெயிலில் அனுப்பச் செய்தார்.

கல்யாணத்தன்று ஒன்று நடந்தது. மணமகள் அறையிலிருந்து பெண்ணை மணமேடைக்கு அழைத்துப் போகும்போது நான் வாசலில் கேமராவோடு அவர்களைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண் நின்றது. "அண்ணே, இதுலதான் எங்கப்பா பாப்பாரா?" என்று கேட்டது. ஆமாம்மா என்றேன். உடனே லென்சுக்குள் பார்த்து, "அப்பா, சாப்டீங்களா?" என்றது. வாராவாரம் அவர் போன் செய்யும்போது அது கேட்கும் முதல் கேள்வி அதுதான் என்று பிறகு தெரிந்தது. கேட்டதும் அதற்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. தோழி ஒருத்தி, "மை கரைஞ்சிடும்டி, வா" என்று இழுத்துப் போனாள்.

வியாழக்கிழமை காலையில் நாற்பது நிமிடப் படத்தை இணையத்தில் ஏற்றத் தொடங்கினேன். அன்றைய வேகத்துக்கு அது ஏறி முடிக்க மாலையாகிவிட்டது. அன்றே சிங்கப்பூரில் பார்த்துவிட்டதாக மாமா சொன்னார். மறுநாள் வெள்ளி, வளைகுடா முழுக்க விடுமுறை. குவைத்தில் ஒரு அறை, துபாயில் இன்னொரு அறை என்று எல்லோரும் ஒரே காலையில் திறந்திருக்கிறார்கள். பெற்றவர் மட்டும் துணி துவைத்து, பெட்டி கட்டிவிட்டு, நிதானமாகப் பார்க்கலாம் என்று பத்து மணிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பத்து மணி எனக்குப் பதினொன்றரை.

ஏஜென்சிக்காரருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பார். நோட்டீசில், அவருக்கே இடம் கொடுக்கும் சென்னைக் கம்பெனியின் எண்ணும் இருந்தது. அதில் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. எதை அழுத்துவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். கல்யாணம் இருந்த பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடையைப் பூட்டி, பன்னிரண்டேகாலுக்குக் கடலூர் பஸ் ஏறினேன்.

புதுச்சத்திரம் தாண்டும்போது மாமா கூப்பிட்டார்.

"இன்னா மச்சான் இது? சிங்கப்பூர்க்காரன் பாத்துட்டான், குவைத்துக்காரன் பாத்துட்டான், பெத்தவருக்குத் தெரியலயாமே?"

"கடலூர் போயிக்கிட்டிருக்கேன் மாமா. சரி பண்ணிடுறேன்."

"எங்க அக்கா காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல. நீதான அன்லிமிடெட்டுன்ன?"

பக்கத்து இருக்கைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆலப்பாக்கத்தில் பஸ் ஆள் ஏற்ற நின்றது. நடத்துநர் இறங்கி டீ குடித்தார். அந்த டீ முடிகிற வரைக்கும் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. மாடி அறை பூட்டியிருந்தது. கீழே ஒரு மெஸ். ஏஜென்சிக்காரர் தொழுகைத் தொப்பியோடு இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பிசைந்த கை நின்றது.

"மெயில் வந்திச்சிண்ணே. தொழுதுட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன். மொதல்ல உக்காருங்க, சாப்பிடுங்க."

"சாப்பாடு வேணாம் பாய். ஒருத்தரு அங்க நெட் கடையில காத்துக்கிட்டிருக்காரு. அன்லிமிடெட்டுன்னு சொன்னீங்களே?"

அவர் இடது கையால் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பலகை. அளவில்லா சாப்பாடு. ஒரு இலைக்கு ஒருவர் மட்டும். பார்சலுக்குப் பொருந்தாது.

"இங்கயும் அன்லிமிடெட்தாண்ணே. நீங்க எத்தினி தடவ சோறு வாங்குவீங்க?"

"ரெண்டு தடவ."

"அவ்ளோதான். மனுசன் வயிறு இவ்ளோதான்னு தெரிஞ்ச தைரியத்துல அவுரு போர்டு எழுதியிருக்காரு. நீங்க ஒரு டோக்கன வாங்கிட்டு, அண்டாவோட வந்து, ஒரு கல்யாணத்துக்கே சோறு அள்ளிட்டீங்க. சென்னைக்காரன் கதவ மூடிட்டான்."

கல்லாவில் இருந்த முதலாளிக்குக் காது நன்றாகக் கேட்டிருக்கிறது. "பாய், நம்மள ஏன் இழுக்குறீங்க? நாங்க பார்சலுக்குக் கிடையாதுன்னு தமிழ்ல, தலைக்கு மேலயே எழுதி மாட்டியிருக்கோம். நீங்க எழுதினீங்களா?"

பாய் சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினார். "எழுதியிருக்கு" என்றார். "நாலாவது பக்கத்துல. இங்கிலீஷ்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, பாய்?"

"நீங்க ஒவ்வொரு பக்கமா படிச்சீங்கண்ணே. நான்தான் பாத்தனே."

அவர் இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தார்.

மாடியில் கணினியைப் போட்டுச் சென்னைக் கம்பெனியோடு எழுத்தில் பேசத் தொடங்கினார். இவர் ஒரு வரி தட்டுவார். பத்து நிமிடம் கழித்து அங்கிருந்து ஒரு வரி வரும். நான் திரையையும் சுவர்க் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடையில் அவர் விளக்கினார். என் பக்கம் இருக்கும் இயந்திரத்திலேயே ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஜவுளிக்கடை, யாரோ ஒரு டாக்டர் என்று நூற்றுக்கணக்கானவர்களின் பக்கங்களும் இருக்கின்றனவாம். எல்லோருக்கும் அன்லிமிடெட் என்றுதான் விற்றிருக்கிறார்கள். ஜவுளிக்கடைப் பக்கத்தை நாளைக்குப் பத்துப் பேர் பார்ப்பார்கள், டாக்டரை நான்கு பேர். அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் நான் ஒரு கல்யாணத்தையே ஏற்றிவிட்டேன். காலையில் அந்தப் பக்கங்களெல்லாம் திறக்காமல் நின்றிருக்கின்றன.

கல்யாண வீட்டுப் பந்தி எனக்குப் புதிதல்ல. நூறு இலை போடும் கூடத்தில் அறுநூறு பேர் சாப்பிடுவது எப்படி? ஆறு பந்தியாக வருவதால். அறுநூறு பேரும் முதல் பந்திக்கே வந்து நின்றால் எவ்வளவு பெரிய சமையல்காரரும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். இத்தனை வருடம் பந்தியைப் படம் பிடித்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று அந்த நேரத்தில் என் மேலேயே கோபம் வந்தது.

நாலரை மணிக்குக் கடைசிப் பதில் வந்தது. திங்கட்கிழமைதான் பார்ப்பார்களாம்.

பாய் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "என்னோட சைட்டுல போடுறேண்ணே. அது வேற மெஷின். ஆனா அதுல எங்க கஸ்டமர் எல்லாரோட கணக்கும் இருக்கு. அதையும் மூடிட்டானுங்கன்னா நான் கடைய மூட வேண்டியதுதான். சின்னத் துண்டா, ஒண்ணே ஒண்ணு குடுங்க. அவுரு பாத்ததும் எடுத்துடுவேன்."

பென் டிரைவில் முழுப் படமும் இருந்தது; அதை இணைப்பதற்கு முன் தனித்தனியாக வெட்டி வைத்த துண்டுகளும் இருந்தன. தாலி கட்டும் துண்டு ஒன்பது நிமிடம். தாரை வார்ப்பது ஏழு. பாயின் கணினியில் வெட்டுவதற்கு மென்பொருள் இல்லை. இருக்கிற நேரத்தில் ஏறக்கூடிய அளவுக்கு, நான்கு நிமிடத்துக்குள் இருந்தவை இரண்டே. ஒன்று மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரம். இன்னொன்று மணமகள் அறை வாசல்.

சரியாக அப்போது மாமா கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"தாலி கட்டுறதப் போடு மச்சான். அதுதான் கல்யாணம்."

"அது பெருசு மாமா. ஏறி முடியறதுக்குள்ள பஸ்ஸு போயிடும்."

"ஏறாதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா? வேற எதையாச்சும் போட்டு அந்த மனுசன் மனச நோவ வெச்ச, அவ்ளோதான்."

போனைப் பையில் போட்டேன். அது சட்டைக்குள் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. வாசல் துண்டின் மேல் அம்புக்குறியை வைத்து, "இது பாய்" என்றேன்.

நாலே முக்காலுக்குத் துண்டு ஏறத் தொடங்கியது. திரையில் ஒரு நீலக் கோடு எறும்பு போல நகர்ந்தது. பாதியில் ஒருமுறை நின்றது. பாய் ஏதோ ஓதினார். பிறகு நகர்ந்தது. முடிந்தபோது ஐந்து மணி ஆறு நிமிடம். அதே நேரம் வெளிநாட்டு எண்.

"தம்பி, பஸ்ஸு வந்து நிக்குது. ஆளு ஏத்துறாங்க."

"இருங்கண்ணே, இருங்க. வேற அட்ரஸ் சொல்றேன்."

பாய் போனை வாங்கி வேகமாகச் சொன்னார். அந்தப் பக்கம் புரியவில்லை. மறுபடியும் சொன்னார். "எனக்கு எழுத்து அவ்வளவா வராது தம்பி" என்று பெண்ணின் அப்பா சொன்னது எனக்கே கேட்டது. போனை நான் வாங்கிக்கொண்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக, அதன் உருவத்தோடு சொன்னேன். "கோடு போட்டு பக்கத்துல ஒரு வயிறு. போட்டீங்களா? அடுத்தது பாம்பு மாதிரி. இப்ப ஏணி சாத்தின மாதிரி ஒரு கோடு." ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார்.

"வருது" என்றார். "சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு." பிறகு, "ஓடுது தம்பி. எம்பொண்ணு வருது."

போன் வழியாக அந்தப் பெண்ணின் குரல் சன்னமாகக் கேட்டது. அப்பா, சாப்டீங்களா? கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அதற்கு நடுவே, எங்களிடம் அல்லாமல், அவர் சொன்னார்.

"சாப்ட்டேம்மா."

மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். பாய் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"தம்பி, தாலி கட்டுறது?"

"அது இதுல இல்லண்ணே. ஆனா நான் மேடையிலதான் நின்னேன். எல்லாம் பாத்தேன்."

"சொல்லுங்க" என்றார்.

அவ்வளவு நேரம் நான் யாரிடமும் தொடர்ந்து பேசியதில்லை. நாற்பது நிமிடப் படத்தையும் வாயால் சொன்னேன். அவர் அண்ணன் தாரை வார்க்கும்போது செம்புத் தண்ணீர் வேட்டியில் சிந்தியதைச் சொன்னேன். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனார் போட்டதைச் சொன்னேன். "எம்பொண்ணு அழுதுச்சா?" என்றார். "இல்லண்ணே, தாலி ஏறுனப்ப நிமிந்து கேமராவத்தான் பாத்துச்சு" என்றேன். "எங்க வூட்ல?" "அவுங்க அழுதாங்க." பின்னால் பஸ் ஹாரன் விடாமல் அடித்தது. யாரோ வேற்று மொழியில் கத்தினார்கள். "வெக்கிறேன் தம்பி" என்றார். அத்தோடு இணைப்பு அறுந்தது.

பாய் அந்தத் துண்டை அழித்தார். பிறகு டீ வாங்கி வரப் போனவரை நான் நிறுத்தினேன்.

"பாய், அந்த நாலு பக்கத்தையும் எனக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க. அன்னிக்கு நான் படிக்கல. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது."

அவர் என்னை ஒரு மாதிரியும் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து காகிதத்தை எடுத்து வந்து வரி வரியாகச் சொன்னார். பாதி வரிகளில் அவரே, "இது எனக்கும் இன்னிக்குத்தாண்ணே தெரியுது" என்றார். வீடியோ சேமித்து வைக்கக்கூடாது. அளவுக்கு மீறினால் கேட்காமலே நிறுத்தலாம். எது அளவு என்று மட்டும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நான்கு பக்கத்திலும் தேடினோம்.

சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் மாமா கூப்பிட்டார். திட்டு வாங்கத் தயாராகக் காதில் வைத்தேன்.

"மச்சான், எங்க அக்கா வூட்டுக்காரரு பஸ்ஸுலேருந்து பேசுனாருய்யா. முழுசா பாத்துட்டாராம். ஒண்ணு விடல. பெரியவரு வேட்டியில தண்ணி சிந்துனது வரைக்கும் சொல்றாரு. எங்க அக்கா இப்பதான் சாப்பிட உக்காந்திருக்கு."

நடத்துநரிடம் சிதம்பரத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன்.

"நான்தான் அவசரப்பட்டு ஏசிட்டேன். மனசுல வெச்சுக்காத. அன்லிமிடெட்டுன்னா அன்லிமிடெட்தான்."

"சரி மாமா" என்றேன்.